ஞாயிற்று வெப்பமும் நிலக்கரியும்

ஞாயிற்றின் வெப்பத்தை மனிதன் தன் தொழிலுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது நேற்றோ இன்றோ அன்று. ஆனையிறவிலே கடல்நீர் உப்பாக விளைந்ததும், யாழ்ப்பாணத்து முற்றங்களிலே பனங்கிழங்கு ஒடியலாகக் காய்ந்ததும், மன்னார்க் கரையிலே மீன் கருவாடானதும் அவ்வெப்பத்தினாலேயே. இவற்றுக்கு விறகு வேண்டியதில்லை. விலை கொடுக்க வேண்டியதுமில்லை. ஆனால், வெயிலில் ஒரு பொருளைக் காயவைப்பது வேறு. வெயிலைக் கொண்டு ஒரு சில்லைச் சுழலச் செய்வது வேறு. முன்னையது வீட்டுக் கிழவிக்கும் கைவந்த கலை. பின்னையதைச் செய்துகாட்டியோர் ஒரு சிலரே. அவர்கள் ஆய்வுகூடத்திலே வென்றனர், அங்காடியிலே தோற்றனர். நீராவி யுகத்தைப் பற்றிய நூல்களில் இவர்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவின் ஆலைகளும் புகைவண்டிகளும் கப்பல்களும் நிலக்கரியைத் தின்று வாழ்ந்தன. நிலக்கரி மிகுந்த இங்கிலாந்திலேயே அது என்றேனும் அருகிவிடுமோ என்ற கவலை எழுந்தது. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1865ஆம் ஆண்டில் நிலக்கரிப் பிரச்சினையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பிரான்சின் நிலையோ இன்னும் இக்கட்டானது. அந்நாட்டில் நிலக்கரி குறைவு. அயல்நாட்டுச் சுரங்கங்களையே அது பெரிதும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் ஆலைகள் இன்னொரு நாட்டின் சுரங்க வாயிலை நோக்கிக் காத்திருக்கும் நிலை நெடுங்காலம் நீடிக்கலாமா என்று பலர் எண்ணினர். எண்ணியவர்களுள் ஒருவர் கணித ஆசிரியர்; பெயர் ஒகுஸ்தேன் மூஷோ.

1825ஆம் ஆண்டிற் பிறந்த மூஷோ, முதலில் அலன்சோன் நகரிலும் பின்னர் தூர் நகரிலும் கணிதம் கற்பித்தார். 1860ஆம் ஆண்டளவில் அவர் சூரிய வெப்பத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். அவருக்கு வழிகாட்டியாய் அமைந்தது, ஒரு நூற்றாண்டுக்கு முன் ஜெனீவா நகரத்து அறிஞர் டி சொசூர் செய்த எளிய பரிசோதனை. கண்ணாடியால் மூடப்பட்ட, உட்புறம் கருமையாக்கப்பட்ட ஒரு பெட்டியை வெயிலில் வைத்து, அதனுள்ளே நீரின் கொதிநிலையையும் கடந்த வெப்பத்தை அவர் 1767ஆம் ஆண்டில் பெற்றிருந்தார். கண்ணாடி ஒளியை உள்ளே விடும். உள்ளே பிறந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. இந்தக் கண்ணாடிக் காவலோடு, ஒளியைக் குவிக்கும் ஆடியையும் இணைத்தால் என்ன என்பதே மூஷோவின் சிந்தனை. கருமை பூசிய செம்புக் கொதிகலன் நடுவே நின்றது. அதைச் சுற்றிக் கண்ணாடிக் கவசம். அதற்கு அப்பால் வாய் விரிந்த புனல் போன்ற, வெள்ளி பூசிய ஆடி. ஆடியின் முகம் சூரியனை நோக்கித் திரும்பியதும் நீர் கொதித்தது. நீராவி பொறியை இயக்கியது.

அப்பொறி மூன்றாம் நெப்போலியன் மன்னனின் பார்வைக்கும் வந்தது. 1869ஆம் ஆண்டில், சூரிய வெப்பத்தையும் அதன் கைத்தொழிற் பயன்களையும் பற்றிய தமது நூலை மூஷோ வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே ஜேர்மானியரோடு போர் மூண்டது, மன்னன் முடியிழந்தான், பாரிஸ் நகரம் முற்றுகைக்குள்ளாகியது. அந்தக் குழப்பத்தில் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பொறியும் காணாமற் போயிற்று. மூஷோ சோர்ந்துவிடவில்லை. தூர் நகரிலே முன்னையதிலும் பெரிய பொறியொன்றைச் சமைத்து மக்கள் காண வைத்தார். வெயில் மிகுந்த நாட்டிலேதான் இதன் வன்மை புலப்படும் என்று வேண்டி, 1877ஆம் ஆண்டில் அரசின் உதவியோடு அல்ஜீரியாவுக்குச் சென்றார்.

1878ஆம் ஆண்டிற் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியே அவருடைய வாழ்வின் உச்சி எனலாம். அங்கே அவர் நிறுத்திய ஆடி, குறுக்களவில் ஐந்து மீற்றர் அளவுக்கு விரிந்திருந்தது. அதிலிருந்து பிறந்த நீராவி நீர் இறைத்தது. அத்தோடு நில்லாமல், குளிரூட்டும் இயந்திரமொன்றில் அவ்வெப்பத்தைச் செலுத்திப் பனிக்கட்டியும் உண்டாக்கிக் காட்டினார். வெயிலிலிருந்து பனிக்கட்டி பிறந்த விந்தையைக் கண்டோர் வாய் அடைத்து நின்றனர். பொற்பதக்கமும் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அவருடைய துணைவரான ஆபெல் பீஃப்ர் என்னும் பொறியியலாளர், பாரிஸ் நகரத்துத் துயிலெரித் தோட்டத்திலே சூரியப் பொறியினால் ஓர் அச்சியந்திரத்தை இயக்கினார். மணிக்கு 500 படிகள் வீதம் அங்கே அச்சாகி வெளிவந்த தாளுக்குச் சூரியனின் பெயரையே சூட்டியிருந்தனர். அன்று வானம் மந்தாரமாக இருந்தபோதிலும் பொறி ஓடிற்று.

ஆயினும் அரசாங்கக் கணக்கர் பதக்கங்களை எண்ணுவதில்லை, பணத்தையே எண்ணுவர். பிரான்சின் தெற்கே மொன்பெலியே நகரிலும், அல்ஜீரியாவிலே கொன்ஸ்தாந்தீன் நகரிலும் சூரியப் பொறிகளை வைத்துச் சோதித்தனர். இயங்குமா என்பது வினாவன்று. இலாபம் தருமா என்பதே வினா. பிரான்சின் வானிலைக்கு இஃது ஏற்றதன்று என்ற முடிவே கிடைத்தது. இதனை அநீதியென்று கூறுவதற்கில்லை. இருப்புப் பாதைகள் நாடெங்கும் பரவிவிட்டன. 1860ஆம் ஆண்டில் இங்கிலாந்தோடு செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையின்பின் ஆங்கில நிலக்கரியின் மீதான தீர்வையும் குறைந்திருந்தது. நிலக்கரி விலை இறங்கிற்று. வெள்ளி பூசிய ஆடியின் விலை இறங்கவில்லை. அது காற்றுப் பட்டு மங்கும்போதெல்லாம் துலக்கவும் வேண்டும். அல்ஜீரியாவைப் பொறுத்தமட்டில் வேறு முடிவுக்கு இடமிருந்தது. ஆனால் பாரிசில் இருந்தோர்க்கு அல்ஜீரியா தொலைவில் இருந்தது. மூஷோ மீண்டும் தமது கணிதத்துக்குத் திரும்பினார். 1912ஆம் ஆண்டிற் பாரிசிலே வறுமையில் வாடி இறந்தார்.

பாரிஸ் பொருட்காட்சியில் மூஷோ பாராட்டுப் பெற்ற அதே 1878ஆம் ஆண்டில், பம்பாயிலே ஓர் ஆங்கிலேயர் வெயில் நாடுகளில் விறகுக்குப் பதிலாகச் சூரிய வெப்பத்தைக் கொள்ளலாம் என்று வாதித்து ஒரு நூலை வெளியிட்டார். அவர் பெயர் வில்லியம் அடம்ஸ். பம்பாய் உயர் நீதிமன்றத்திலே துணைப் பதிவாளர். பகலெல்லாம் வழக்கேடுகளைப் புரட்டிய ஒருவருக்கு இந்த எண்ணம் தோன்றியது வியப்பே. மூஷோவின் வளைந்த ஆடியிலுள்ள குறையை அவர் நன்கு கண்டறிந்தார். வளைந்த உலோக ஆடியை ஓரளவுக்கு மேற் பெரிதாக்கவும் முடியாது, செலவும் தாங்காது. எனவே, பதினேழு அங்குல நீளமும் பத்து அங்குல அகலமும் உள்ள சாதாரணத் தட்டைக் கண்ணாடிகளை அவர் தேர்ந்தார். அத்தகைய 72 கண்ணாடிகளை அரைவட்டமாக அடுக்கி, எல்லாவற்றின் ஒளியும் ஒரு கொதிகலனின் மேல் விழும்படி அமைத்தார். சூரியன் நகர நகர, கண்ணாடிச் சட்டத்தை ஓர் ஏவலாள் தள்ளி நகர்த்தினான். இரண்டரைக் குதிரைவலு உள்ள நீராவிப் பம்பியொன்று, கொலாபாவிலிருந்த அவருடைய வளவிலே ஏறக்குறைய இரண்டு கிழமை ஓடிற்று. காணவிரும்பியோரை எல்லாம் அவர் அழைத்துக் காட்டினார்.

பம்பாய் மக்களுக்கு விறகு எவ்வளவு அருமை என்பதை அடம்ஸ் அறிந்திருந்தார். பம்பாயின் ஆலைகளுக்கு இங்கிலாந்திலிருந்து நிலக்கரி கடல்கடந்து வரவேண்டியிருந்தது. ஆண்டிலே எட்டு மாதம் முகில் மறையாத வானத்தின் கீழே வாழ்வோர், முகில் மூடிய நாட்டின் கரியை விலைக்கு வாங்குவது அவருக்கு முறையாகத் தோன்றவில்லை. படைவீரர்க்கு உணவு சமைக்கத்தக்க சூரிய அடுப்பொன்றையும் அவர் செய்து பார்த்தார். அந்த அடுப்புத்தானும் படைவீடுகளிற் பரவவில்லை. தட்டைக் கண்ணாடிகள் பலவற்றின் ஒளியை ஒரே கொதிகலனிற் சேர்க்கும் அவருடைய முறை மட்டும் அழியாது தங்கியது. 1982ஆம் ஆண்டிலே கலிபோர்னியப் பாலைநிலத்தில் 10 மெகாவாற்று மின் ஆக்கிய சூரியக் கோபுரம் அம்முறையிலேயே இயங்கியது. கண்ணாடியைத் தள்ளும் ஏவலாளுக்குப் பதிலாகக் கணினி இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

அமெரிக்காவிலும் இம்முயற்சி நடந்தது. உள்நாட்டுப் போரிலே புகழ்பெற்ற 'மொனிட்டர்' என்னும் இரும்புக் கப்பலை ஆக்கிய ஜோன் எரிக்சன், தமது முதுமைக் காலத்தைச் சூரியப் பொறியிலேயே செலவிட்டு 1889ஆம் ஆண்டில் இறந்தார். 1901ஆம் ஆண்டில் ஓப்ரி ஈனியஸ் என்பவர், 1,788 கண்ணாடித் துண்டுகள் பதித்த மாபெரும் ஆடியொன்றைக் கலிபோர்னியாவிலே, சுற்றுலாவினர் கூடும் ஒரு தீக்கோழிப் பண்ணையில் நிறுத்தினார். தீக்கோழியைக் காண வந்தோர் ஆடியையும் கண்டு சென்றனர். அரிசோனாவில் அவர் விற்ற பொறிகளில் ஒன்றைப் புயற்காற்றுக் கவிழ்த்தது. இன்னொன்றை ஆலங்கட்டி மழை நொறுக்கியது. வானத்தை நோக்கி வாய் பிளந்து நிற்கும் ஆடிக்கு வானமே பகையாயிற்று.

இவர்கள் எல்லோரும் வெப்பத்தை உயர்த்துவதிலேயே கண்ணாயிருந்தனர். மாறாக எண்ணியவர் பிலடெல்பியா நகரத்துப் பிராங்க் ஷூமன். 1862ஆம் ஆண்டிற் பிறந்த ஷூமன், கம்பிவலை பதித்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் பொருளீட்டியவர். கல்லூரி வாசனையைக் காட்டிலும் பட்டறை வாசனை மிகுந்தவர். மிக உயர்ந்த வெப்பத்தை நாடினால் ஆடியின் விலையும் ஏறும், வெப்பமும் வீணே வெளியே கசியும் என்பதை அவர் உணர்ந்தார். 1907ஆம் ஆண்டில், டக்கோனி என்னுமிடத்திலிருந்த தமது வளவிலே, கண்ணாடியால் மூடிய பெட்டிக்குள் கருமை பூசிய குழாய்களைப் பரப்பி, அவற்றில் ஈதரை ஓடவிட்டார். ஈதர் ஏறக்குறைய 35 பாகை சென்றிகிறேட்டிலேயே கொதித்துவிடும். அதன் ஆவி ஒரு சிறு பொறியை ஓட்டியது. பின்னர் ஈதரைக் கைவிட்டு நீரையே கொண்டார். குறைந்த அழுத்த நீராவியில் இயங்கவல்ல பொறியொன்றையும் தாமே வகுத்தார். 1911ஆம் ஆண்டளவில் டக்கோனியிலே தட்டை ஆடிகள் இணைந்த பெரிய சூரியப் பொறி நீர் இறைத்தது. ஆனால் பிலடெல்பியா நிலக்கரி மலிந்த நாட்டின் நகரம். நிலக்கரி இல்லாத, முகிலும் இல்லாத நாடொன்று அவருக்கு வேண்டியிருந்தது.

அத்தகைய நாடு எகிப்து. 1869ஆம் ஆண்டிலே சுயெஸ் கால்வாய் திறந்தபின், போட்செயிட், ஏடன், கொழும்பு ஆகிய துறைமுகங்களிலே நிலக்கரி குவியல் குவியலாகக் கிடந்தது; கீழைத்தேசம் செல்லும் கப்பல்கள் அங்கங்கே தங்கி அதனை ஏற்றிச் சென்றன. எகிப்தின் மண்ணிலோ அது விளையவில்லை. பிரித்தானியத் துறைமுகங்களிலிருந்தே வரவேண்டும். நைல் நதிக் கரையிற் பருத்தி விளைந்தது; பருத்திக்கு நீர் வேண்டும்; நீரை மேலே ஏற்ற வலு வேண்டும். நமது தோட்டக் கிணறுகளின் துலாவை ஒத்த 'சாதூப்' என்னும் ஏற்றத்தாலும், மாடு பூட்டிய உருளைகளாலும் எகிப்திய உழவர் நெடுங்காலமாக நீர் இறைத்து வந்தனர். அவர்களுடைய முதுகின் நோவு எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறவில்லை. எரிபொருட் செலவே கணக்கில் ஏறிற்று.

இலண்டன் மாநகரத்து முதலாளிகள் ஷூமனுக்குப் பணம் இட்டனர். இட்ட பணத்துக்குக் காவலாகத் தமது நிபுணரையும் அமர்த்தினர். சார்ல்ஸ் வேர்னன் போய்ஸ் என்னும் பௌதிகப் பேராசிரியர் ஒரு திருத்தத்தைக் கூறினார். தட்டை ஆடிகளை விடுத்து, நீண்ட தொட்டியைப் போல வளைந்த ஆடிகளைச் செய்ய வேண்டும்; வளைவு பரவளைவாக இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் தொட்டியில் விழும் கதிர் அனைத்தும் அதன் நடுவே ஓடும் ஒற்றைக் குழாயின்மேற் குவியும். திருத்தம் ஏற்கப்பட்டது. கெய்ரோ நகருக்குத் தெற்கே நைல் கரையிலுள்ள மஆதி என்னும் ஊரிலே 1912ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. ஒவ்வொன்றும் 204 அடி நீளமும் 13 அடி அகலமும் உள்ள ஐந்து ஆடித் தொட்டிகள், ஒன்றன் நிழல் மற்றொன்றில் விழாதபடி இடைவெளி விட்டு, வடக்குத் தெற்காக நிறுத்தப்பட்டன. காலையிற் கிழக்கு நோக்கியிருந்த தொட்டி மாலையில் மேற்கு நோக்கும். அதனைத் திருப்ப ஆள் வேண்டியதில்லை, வெப்பத்தை உணரும் கருவியொன்று தானே திருப்பியது.

முதற் சோதனையிலே ஓர் இடர் நேர்ந்தது. கொதிகலன்களைத் துத்தநாகத்தினாற் செய்திருந்தனர். எகிப்திய வெயிலின் வன்மையைச் செய்தவர்கள் குறைத்து மதித்துவிட்டனர்; துத்தநாகம் தாங்காது நெகிழ்ந்து கெட்டது. தோல்வியிலும் ஒரு புகழ் உண்டென்றால் அஃது இதுவே: வெப்பம் போதாமையால் அன்று, மிகையால் நேர்ந்த தோல்வி. வார்ப்பிரும்புக் கொதிகலன்களை அமைத்து முடிக்க மேலும் ஓராண்டு சென்றது. 1913ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அப்பொழுது எகிப்திலே பிரித்தானியப் பிரதிநிதியாயிருந்த கிச்சனர் பிரபுவின் முன்னிலையிற் பொறி இயங்கியது. ஏறக்குறைய 55 குதிரைவலு. நிமிடத்துக்கு 6,000 கலன் நீர். புகை இல்லை, கரி அள்ளிப் போடும் ஆளுமில்லை. நைல் நீர் வாய்க்காலில் ஏறி வயலுக்குப் பாய்ந்தது.

கிச்சனர் சூடானிலே பருத்தித் தோட்டமொன்றில் இம்முறையைக் கையாள 30,000 ஏக்கர் நிலம் தர முன்வந்தார். ஜேர்மானியப் பாராளுமன்றமும் தென்மேற்கு ஆபிரிக்காவிலிருந்த தனது குடியேற்ற நாட்டுக்காக ஷூமனை அழைத்து, பணம் ஒதுக்க இசைந்தது. ஷூமனின் கற்பனையோ இவற்றையும் தாண்டிச் சென்றது. சகாராப் பாலைவனத்தில் 20,250 சதுர மைல் பரப்பை ஆடிகளால் நிரப்பினால் 27 கோடிக் குதிரைவலு கிடைக்கும். 1909ஆம் ஆண்டில் உலகமெங்கும் வெட்டியெடுத்த எரிபொருள் யாவும் தரும் வலுவுக்கு அஃது ஈடாகும் என்று அவர் கணக்கிட்டார். கணக்கிலே பெருந்தவறு இல்லை. கணக்கில் வராத வேறொன்று 1914ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் வந்தது.

போர் மூண்டதும் பொறியியலாளர் தத்தம் நாடுகளுக்குத் திரும்பினர். மஆதியின் ஆடித் தொட்டிகள் கழற்றப்பட்டு, அவற்றின் உலோகம் போர்த் தேவைக்குச் சென்றது. ஜேர்மனி தன் குடியேற்ற நாடுகளை இழந்தது. போர் முடிவதைக் காணாமலே, 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஷூமன் மறைந்தார்.

போரினாலேதான் சூரியப் பொறி அழிந்தது என்று கூறுவோர் பலர். அக்கூற்று முழுவுண்மை ஆகாது. போருக்கு முன்னரே மற்றொரு பகை முளைத்துவிட்டது. 1908ஆம் ஆண்டிற் பாரசீகத்தில் எண்ணெய் ஊறியது. 1912ஆம் ஆண்டில் அபாதான் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. பிரித்தானியக் கடற்படையை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிய வின்ஸ்டன் சேர்ச்சிலின் தூண்டுதலால், 1914ஆம் ஆண்டிலே ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்கைப் பிரித்தானிய அரசாங்கமே வாங்கிற்று. நிறைக்கு நிறை நிலக்கரியினும் மிகுந்த வெப்பம் தருவது எண்ணெய், குழாயில் ஓடும், இரவும் எரியும். மஆதியின் பொறி மறுபடி நிறுத்தப்பட்டிருந்தாலும் இதனோடு போட்டியிட்டிருத்தல் அரிது.

இதிலே பணத்தின் இயல்பும் கலந்திருந்தது. சூரியனுக்கு விலையில்லை, ஆனால் சூரியனைப் பிடிக்கும் வலைக்கு விலையுண்டு, அவ்விலை முழுவதையும் முதல்நாளே கொடுத்துவிட வேண்டும். இருபது ஆண்டுக்குரிய எரிபொருளை ஒரே நாளில் வாங்குவதற்கு அது சமம். நாளாந்தம் கடையிலே அரிசி வாங்கி உண்பவன் வயலையே விலைக்கு வாங்கத் தயங்குவது இயல்பு. கடனுக்கு வாங்கினால் வட்டியே விளைச்சலை விழுங்கிவிடவும் கூடும். நிலக்கரியின் விலைச்சீட்டிலோ ஒரு செலவு எழுதப்படவேயில்லை. கரிப்புகை வானில் மிகுமாயின் பூமி வெப்பமடையும் என்பதைச் சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அரேனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணித்திருந்தார். அவர் அதனைக் கேடாகக் கருதவுமில்லை; வணிகர் எவரும் அதைக் கேட்கவுமில்லை.

அதன்பின் நெடுங்காலம் சூரியப் பொறி உறங்கிற்று. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தினர், ஒளியை நேரே மின்னாக மாற்றும் சிலிக்கன் கலத்தை வெளியிட்டனர். விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கே மின்னாயிற்று. விலையோ வீட்டாருக்கு எட்டாதது. நான்கு ஆண்டுகள் கழித்து விண்வெளியில் ஏவப்பட்ட 'வான்கார்ட்' செய்மதியே அதற்கு முதற் பெரும்புகழைத் தேடித் தந்தது. 1973ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெயை மறித்தபோதுதான், ஆடித் தொட்டிகளின் பழைய படங்களைப் பொறியியலாளர் தேடி எடுத்தனர். 1984ஆம் ஆண்டு தொடங்கிக் கலிபோர்னியாவின் மொகாவேப் பாலைநிலத்தில் ஒன்பது நிலையங்கள் எழுந்தன. போய்ஸ் கூறிய அதே பரவளைவுத் தொட்டிகள். நீருக்குப் பதிலாகக் குழாயில் எண்ணெய் ஓடியது. அவை யாவும் சேர்ந்து 354 மெகாவாற்று. ஆனால் எண்ணெய் விலை மீண்டும் வீழ்ந்தது, வரிச்சலுகைகள் தளர்ந்தன, அவற்றைக் கட்டிய நிறுவனம் 1991ஆம் ஆண்டில் முறிந்தது. மூஷோவுக்கு நேர்ந்ததே நூறாண்டு கழித்து மீண்டும் நேர்ந்தது. இரவு என்னும் இடருக்கு விடை இன்னும் பிந்தியே கிடைத்தது. மொரொக்கோ நாட்டில் 2016ஆம் ஆண்டிலே தொடங்கிய 160 மெகாவாற்று நிலையம், உருகிய உப்பிலே வெப்பத்தைச் சேமித்து, பொழுது சாய்ந்தபின் மூன்று மணிநேரம் மின் தரும்படி அமைக்கப்பட்டது.

சிலிக்கன் கலத்தின் விலை வீழ்ந்த வேகத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆடியும் கொதிகலனும் வேண்டாத அக்கலம், ஆடித் தொட்டியையும் பின்தள்ளிவிட்டது. எகிப்தின் தெற்கே அசுவான் மாநிலத்திலுள்ள பென்பான் என்னுமிடத்தில், 2019ஆம் ஆண்டில் நிறைவுற்ற சூரிய மின்னிலையம் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் அளவு ஏறக்குறைய 1,500 மெகாவாற்று.

ஆடித் தொட்டிகளும் நைல் பள்ளத்தாக்குக்குத் திரும்பியே வந்தன. கிச்சனர் முன்னிலையில் மஆதியின் பொறி ஓடிய நாளிலிருந்து 98 ஆண்டுகள் சென்றபின், 2011ஆம் ஆண்டிலே, கெய்ரோவுக்குத் தெற்கேயுள்ள குரைமாத் என்னுமிடத்தில் அவை மீண்டும் கிழக்கும் மேற்கும் திரும்பத் தொடங்கின. அந்நிலையத்தின் மொத்த அளவு 140 மெகாவாற்று. அதில் ஆடிகளின் பங்கு 20; எஞ்சியது இயற்கை வாயுவை எரித்துப் பெறுவது.